1729 டாக்ஸி கதையைத் தாண்டி: கணித மேதைகளைப் பற்றி மாணவர்கள் பேசிய மூன்று அனுபவங்கள்

பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணித மேதை ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னால் பாதி வகுப்பு ராமானுஜனைப் பிடித்துக்கொள்ளும். எல்லாரும், அவரைப் பார்க்கக் கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த 1729-ஆம் எண் டாக்ஸியில் ஏறி அங்கேயே இறங்கிவிடுவார்கள். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சின்ன எண் அது. 1³+12³, 9³+10³ என்று போர்டில் எழுதுகிறவர்களே குறைவு. அதைவிடச் சின்ன எண் ஏன் வராது என்று கேட்டால் திருதிரு முழி. 12 வரைக்கும் கனங்களை எழுதி, இரண்டிரண்டாகக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது!

இந்த முறை ஒரு பெண் பிரெஞ்சுக் கணித மேதை சோஃபி ஜெர்மேனை எடுத்தாள். லெ பிளான் என்ற ஆண் பெயரில் அன்றைய பெரிய கணித மேதைகளான லக்ராஞ்சுக்கும் காஸுக்கும் எழுதியது, நெப்போலியன் படை காஸ் இருந்த ஊரைப் பிடித்தபோது காஸுக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று தனக்குத் தெரிந்த தளபதியிடம் சொல்லப்போய் 1807-இல் குட்டு உடைந்தது, எல்லாம் இரண்டே நிமிடம். பிறகு நடுவில் திருகாணி போட்டு நிறுத்திய சதுரத் தகட்டை மேசையில் வைத்தாள். மேலே உப்பைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லை இழுத்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம், வகுப்பே சிரித்தது. ஒரு விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுத்தாள். உப்பு துள்ளி ஓடிக் கோடு கோடாக நின்றது. தகடு அதிராத இடத்தில்தான் உப்பு தங்கும். “இதுக்கான கணக்கைத்தான் பாரிஸ் அகாடமி பரிசு வைத்துக் கேட்டது. மூணாவது தடவை அனுப்பித்தான் 1816-ல வாங்கினாங்க” என்றாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “முதல் தடவை என்ன தப்பு?” சமன்பாட்டை வருவித்த விதமே பிழை, லக்ராஞ்சுதான் திருத்தினார் என்று பதில் சொன்னாள். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், பிறந்த தேதி கேட்காமல் இப்படி ஒரு கேள்வி வந்தது அன்றைக்குத்தான்.

*

எங்க காலேஜ்ல ஒருத்தன் பிரெஞ்சுக் கணித மேதை கலுவாவை எடுத்தான். உயிரைப் பறிச்ச துப்பாக்கிச் சண்டைக்கு முந்தின ராத்திரி மொத்தத்தையும் எழுதித் தள்ளினார்னு சினிமா கணக்கா ஓட்டினான். சார் பொறுமையா, “அப்போ 1831-ல கணித அறிஞர் புவாசோன் புரியலைன்னு திருப்பின கட்டுரை யார் எழுதினது?” அப்படின்னார். பையன் கப்சிப். அந்த ராத்திரி நடந்தது பழைய கட்டுரையில திருத்தமும், நண்பனுக்கு ஒரு நீளமான கடிதமும்தான். 20 வயசுக்கு அதுவே பிரமிப்பு, மசாலா எதுக்கு?

*

நான் பாடம் எடுப்பது ஏழாம் வகுப்புக்கு. காஸ் சின்ன வயதில் 1 முதல் 100 வரை கூட்டிய கதைதான் என்னிடம் ஓடுகிற படம். (அவர் இறந்த பிறகு 1856-இல் வந்த வாழ்க்கை வரலாற்றில் அந்த 1, 100 எதுவும் கிடையாது. அது போகட்டும்.) ஒரு பையன் ஜோடி சேர்த்து 5050 என்று முடித்ததும், “99 வரைக்கும்னா நடுவுல 50 தனியா நிக்குமே?” என்று ஒருத்தி மடக்கினாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, வரிசையைத் தலைகீழாகக் கீழே இன்னொரு முறை எழுதினான். மேலும் கீழும் கூட்டினால் எங்கும் 100. 99 நூறுகள், அதில் பாதி 4950. இந்த அமளியில் காஸ் எங்கே பிறந்தார் என்று சொல்லவே நேரமில்லை. மார்க் குறைக்கவில்லை.