எடுத்த மார்புக்குப் பதில் வயிற்றுச் சதையில் புது மார்பு: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தங்கச்சிமடம், வார்டு நர்ஸ்

டீப் ஃபிளாப், அதாவது அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோட எடுத்து மார்பா வைக்கிறது; அதை வைத்த முதல் ராத்திரி. கூட இருந்த மதினி, "இப்பத்தான் நிறம் ஏறியிருக்கு, சாயங்காலம் வெளுத்துக் கெடந்துச்சு"ன்னு சந்தோஷப்பட்டாங்க. ஏறியிருந்தது நீலம். விரலால அழுத்தி எடுத்தா, வெளுத்த இடம் ஒரு நொடிகூட ஆகாம நிறைஞ்சிருச்சு. ரெண்டு மூணு நொடி ஆகணும். அதைவிட வேகம்னா ரத்தம் உள்ளே வருது, வெளியேற வழியில்லை, சிரை அடைச்சிருக்கு. டாப்ளர்ல (ரத்த ஓட்டத்தைச் சத்தமாக் கேட்கிற கருவி) தமனிச் சத்தம் அப்பவும் கேட்டுச்சு. அதை நம்பி உட்கார்ந்திருந்தா சதை போயிருக்கும். ஊசியால குத்தினதும் கருஞ்சிவப்பா வழிஞ்சது. உடனே தியேட்டர், ரத்தக்கட்டியை எடுத்து சிரையை மறுபடி இணைச்சாங்க, பிழைச்சுது. நம்ம மாநிறத் தோல்ல, அதுவும் டியூப்லைட்ல, நீலம் சட்டுனு தெரியாது. மீதியிருக்கிற வயித்துத் தோலோட ஒப்பிட்டுப் பாருங்க.

கீழக்கரை, பிசியோதெரபி

முதல் மூணு நாளைப் பத்தியே பேசுறோம். வீட்டுக்குப் போனப்புறம் சோதிக்கிறது வயிறு. ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்கிற அக்கா ஒருத்தருக்கு மார்பு அருமையா ஆறியிருந்துச்சு. நாலாவது வாரமே இடுப்புல பையைக் கட்டிக் கடல்ல இறங்கிட்டாங்க. கயிறு தையல் மேலேயே அழுத்தி, நடுவுல விரல் அகலம் பிரிஞ்சிருச்சு. இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்பு வரை போற தையல். இழுவை அதிகமும் ரத்த ஓட்டம் குறைவும் அந்த நடுவுலதான். அதனாலதான் முதல் வாரம் குனிஞ்சே நடக்கச் சொல்றோம், முழங்காலுக்கு அடியில தலையணை வைக்கச் சொல்றோம். ஆறு வாரத்துக்குத் தண்ணிக் குடம் தொடக்கூடாது. என்னைக் கேட்டா, கடல் தொழில் பார்க்கிறவங்களுக்கு வயிறு வேண்டாம், முதுகுச் சதையை வச்சு மார்பு செய்யிறதே சரி.

ராமநாதபுரம், தியேட்டர் டெக்னீஷியன்

மேலே கடைசி வரியை ஏத்துக்க முடியல. வயித்துப் பலம் போறது முக்கியமா ட்ராம்ங்கிற இன்னொரு முறையில. 1982ல சர்ஜன் ஹார்ட்ராம்ப் எழுதின அந்த முறையில வயித்துத் தசையும் சேர்ந்து போகுது, அப்புறம் வயிறு பிதுங்க வாய்ப்பு அதிகம். டீப்புல தசையைப் பிளந்து, ஊடே வர்ற ரத்தக்குழாயை மட்டும் பிரிச்சு எடுக்கிறாங்க. போறது தோலும் கொழுப்பும். நெஞ்செலும்பு ஓரத்துக் குழாயோட மைக்ராஸ்கோப்ல வச்சு இணைப்பு, 9-0 நைலான், தலைமுடியைவிட மெல்லிசு. முதுகுச் சதைக்கு இந்த இணைப்பு தேவையில்லை, அது நிஜமான வசதி. ஆனா அந்தத் தசைதான் கையைக் கீழயும் பின்னாலயும் இழுக்கிறது. வலை இழுக்க, நீந்த, துடுப்புப் போட அதுதான் வேணும்! கடல்காரங்களுக்கு அதை எடுக்கச் சொல்றது எப்படி சரியாகும்?

மண்டபத்துல இருந்து வந்த ஒரு அம்மாவை, சிசேரியன் ஆனதால வயிறு ஆகாதுன்னு யாரோ பயமுறுத்தியிருந்தாங்க. சிடி ஆஞ்சியோல (ரத்தக்குழாயைக் காட்டுற ஸ்கேன்) ரெண்டு பக்கமும் குழாய் நல்லா தெரிஞ்சது. அடிவயித்துக் குறுக்குத் தழும்பு பெரும்பாலும் தடையில்லை. ஏற்கெனவே டம்மி டக் (தொங்குற வயித்தை வெட்டிச் சரிசெய்யிற ஆபரேஷன்) செஞ்சிருந்தாத்தான் வழி அடைஞ்சிரும்.

தொண்டி, கிராம சுகாதார செவிலியர்

வயிறா முதுகான்னு சர்ஜன் முடிவு பண்ணட்டும். இங்க ஒரு பொண்ணுக்கு ஃபிளாப்புல கல்லு மாதிரி ஒரு இடம் தட்டுப்பட, அவங்க உம்மா வெந்நீர்ப் பை வச்சு ஒத்தடம் கொடுத்துட்டாங்க. சட்டையைக் கழட்டினப்பதான் கொப்புளத்தையே அந்தப் பொண்ணு பார்த்துச்சு. சூடு துளிகூடத் தெரியல. நரம்பு அறுந்த சதை. உணர்ச்சி வர மாசக்கணக்காகும், முழுசா வராமலும் போகும். வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட், ஐஸ் எதுவும் வைக்காதீங்க. குளிக்கிற தண்ணியை மறு கையில ஊத்திப் பாருங்க.

கல்லு மாதிரி இருந்தது, ரத்தம் போகாம இறந்த கொழுப்பு. ஆனா தொட்டுப் பார்த்து அப்படிச் சொல்லிட முடியாது, ஸ்கேன் எடுத்தே ஆகணும். ட்ரெயின் பையோட (காயத்துல ஊறுற நீரைக் குழாய் வழியாச் சேர்க்கிற பை) வீட்டுக்கு வந்தா மார்புக் குழாய், வயித்துக் குழாய் அளவைத் தனித்தனியா எழுதுங்க. 24 மணி நேரத்துல 30 மில்லிக்குக் கீழ வந்தாத்தான் பொதுவா எடுப்பாங்க. திடீர்னு சிவப்பா நிறைஞ்சா ராத்திரின்னு பார்க்காம கிளம்புங்க.

இன்னொண்ணு, புகையிலை. பீடி சிகரெட் உண்டான்னு கேட்டா நம்ம பெண்கள் இல்லைன்னுதான் சொல்வாங்க. வெத்திலையோட போடுறதைத் தனியா கேளுங்க. நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், அதை ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாடியாவது நிறுத்தணும்.