மதிலுக்கு லைசென்ஸ் இருக்கா?

வெள்ளவத்தைப் பெடியன்:
கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. விபத்து அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். நேற்று எழுதினேன்: "ரிவர்சிங் அவுட் ஒஃப் த கேற், த வோல் வொஸ் டமேஜ்ட்." மெனேஜர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் "மதிலுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். கந்தோர் முழுக்கச் சிரிப்பு. 'கேற்றிலிருந்து பின்னுக்கு எடுக்கும்போது மதில் உடைந்தது' என்றுதானே தமிழில் எல்லோரும் சொல்கிறோம்? ஆங்கிலத்தில் மட்டும் என்ன பிழை?

சோக்கட்டி ரீச்சர்:
தம்பி, குழப்பம் 'போது'வில்தான். எடுத்தது ஒருவர், உடைந்தது இன்னொன்று என்றாலும் 'போது' தாங்கும். ஆங்கிலத்தில் முன்னால் போடும் 'இங்' தாங்காது. கமாவுக்குப் பிறகு வரும் எழுவாயையே போய்ப் பிடித்துக்கொள்ளும். "ஹேங்கிங் ஒன் த லைன், ஐ சோ மை ஷர்ட்" என்று ஒரு பிள்ளை எழுதினாள். கொடியில் தொங்கியது அவள்தான்! இதைத்தான் 'டாங்ளிங் பார்ட்டிசிப்பிள்' என்பார்கள்.

'போது'வை விட்டு, 'து' வைத்துச் சொல்லிப் பாருங்கள்: 'பின்னுக்கு வந்து மதில் உடைந்தது.' இப்போது மதில்தான் பின்னுக்கு வருகிறது, இல்லையா? 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பது விதிவிலக்கு. அதற்கு நம் இலக்கணக்காரர் தனியாகச் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

திருத்துவது சுகம். "ரிவர்சிங் அவுட் ஒஃப் த கேற், த டிரைவர் டமேஜ்ட் த வோல்."

101 பஸ்காரன்:
அப்போ "கன்சிடரிங் த டமேஜ், த அமவுண்ட் இஸ் ஸ்மோல்" என்பதும் பிழையா? எங்கள் கடிதங்களில் நிறைய வரும்.

சோக்கட்டி ரீச்சர்:
பிழையில்லை. கன்சிடரிங், ஜெனரலி ஸ்பீக்கிங் மாதிரிச் சில, எழுவாய் தேடாமலே நின்று பழகிவிட்டன. "யூசிங் எ டேப், த கிராக் வொஸ் மெஷர்ட்" என்பதில்தான் சண்டை. அறிக்கைகளில் தாராளமாக எழுதுகிறார்கள், நான் என்றால் கோடு போடுவேன்.

வெள்ளவத்தைப் பெடியன்:
நன்றி ரீச்சர். ஆனால் 'த டிரைவர்' என்று எழுதப் போனால் யார் அது என்று தெரிய வேண்டுமே. படிவத்தில் அந்த இடம் வெறுமை. நானும் கவனிக்காமல்தான் மதிலில் தொடங்கியிருக்கிறேன். இன்று வாடிக்கையாளருக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ஓட்டினது மகனாம். வயது 16.