வெயின் என்று நினைத்துக் குத்தினேன், தமனியாக இருந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

செவிலியர், பொது வார்டு

19 வருடமாக வார்டில் இருக்கிறேன். ஊசி போடுகிற எல்லோரும் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

இரவு டியூட்டி. வாந்தி பேதியோடு அறுபது வயது அம்மா ஒருவர் வந்தார். "எனக்கு நரம்பே கிடைக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். ரப்பர் பட்டையைக் கட்டினேன். வலது முழங்கை மடிப்பின் உள்பக்கமாக, தோலுக்கு அடியிலேயே, தடிமனாக ஒன்று ஓடியது. கிடைத்துவிட்டதே என்ற நிம்மதியில் குத்தினேன். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. பட்டையை அவிழ்த்து டிரிப்பை மாட்டினேன்.

சொட்டு இறங்கவில்லை. ரத்தம்தான் குழாயில் மேலே ஏறியது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விரற்கடை. நல்ல சிவப்பு. டிரிப் ஏற வேண்டியது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் வெயினில்; நான் குத்தியது இதயத்திலிருந்து ரத்தம் பாய்ந்து வரும் தமனியில். "சுண்டுவிரல் வரைக்கும் சுள்ளுனு இழுக்குதும்மா" என்றார் அவர். வாந்தியை நிறுத்தப் புரோமெத்தசின் ஊசி டிரேயில் தயாராக இருந்தது. அது தமனிக்குள் போனால் விரல்கள் கறுத்து அழுகலாம். கையையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. சீனியர் சிஸ்டர் ஓடிவந்து, "எதையும் உள்ளே தள்ளாதே" என்று என் கையைப் பிடித்தார். டியூட்டி டாக்டர் மருந்து எதுவும் போகவில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்த பிறகே கேனுலாவை, அதாவது உள்ளே இருந்த ஊசிக்குழாயை, எடுத்தார். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மாவின் விரல் நகங்களை விட்டுக் கண் நகரவில்லை.

மறுநாள் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது. முன்கைத் தசைகளுக்கு அடியில் போக வேண்டிய, சுண்டுவிரல் பக்கத்து அல்நார் தமனி, அவருக்குத் தசைக்கு மேலே தோலை ஒட்டி ஓடியிருக்கிறது.

பட்டை கட்டும் முன்பே விரலை வைத்துத் துடிக்கிறதா என்று பாருங்கள். இறுக்கிக் கட்டிவிட்டால் தமனியின் துடிப்பும் அமுங்கிவிடலாம். அன்று நான் கட்டிய பிறகுதான் தொட்டேன்.

உடற்கூறியல் ஆசிரியர்

படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது, சிஸ்டர். இதே மாதிரி வழி மாறிய தமனியை நான் டிசெக்‌ஷன் மேஜையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே கிடப்பது இறந்தவர் உடல், யாருக்கும் வலிக்காது.

மேல்கையில் வரும் பிரேக்கியல் தமனி முழங்கைக்குச் சற்றுக் கீழே ரேடியல் (கட்டைவிரல் பக்கம்), அல்நார் என்று இரண்டாகப் பிரியும் என்றுதான் பாடம். ஒரு வருடம் முதலாண்டுப் பெண் ஒருத்தி, "சார், இந்தக் கையில் ரெண்டு பிரேக்கியல் இருக்கு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ரேடியல் தமனி அக்குளுக்குக் கொஞ்சம் கீழேயே பிரிந்து, உணர்வு கடத்தும் மீடியன் நரம்புக்கு முன்னால் தனியாக இறங்கி வருகிறது. ஃபோர்செப்ஸால் தூக்கிப் பிடித்தாள்; பென்சில் முனை அளவுகூடத் தடிமன் இல்லை. அதே உடலின் இடது கையில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. இப்படி மேலேயே பிரிவதுதான் கைத் தமனிகளில் அதிகம் காணும் மாறுபாடு. அறுத்துப் பார்த்த ஆய்வுகளில் நூற்றுக்கு 14 கை வரை வந்திருக்கிறது. அபூர்வம் என்று மாணவர்களிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

கருவில் கைக்கு முதலில் இருப்பது ஒரு நுண்குழாய் வலை. அதில் எந்தப் பாதையில் ரத்தம் நிலைத்து ஓடுகிறதோ அது தமனியாகிறது, மற்றவை மறைகின்றன. முன்கையின் நடுவே ஓடும் மீடியன் தமனியும் அப்படி எட்டாவது வார வாக்கில் சுருங்க வேண்டியதுதான். சிலருக்குச் சுருங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2020-ல் வந்த ஆய்வு, 1880-களில் பிறந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருந்த அது, 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதைச் சரிசெய்யக் கார்ப்பல் டனல் ஆபரேஷன் செய்கிறவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடம்) டெக்னீஷியன்

1989-ல் கனடாவில் லூசியன் காம்போ என்ற டாக்டர் மணிக்கட்டுத் தமனி வழியாக, இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ செய்து காட்டினார். இப்போது எங்கள் லேபிலும் முதலில் மணிக்கட்டுதான். போன மாதம் ஒரு ஐயாவுக்கு, தமனிக்குள் விடும் மெல்லிய வயர் முழங்கையைத் தாண்டவே இல்லை. கொஞ்சம் தள்ளினாலே முகத்தைச் சுளித்தார். டாக்டர் நிறுத்திவிட்டு மருந்துச் சாயம் கொஞ்சம் விட்டார். திரையில் ரேடியல் தமனி முழு வட்டமாக ஒரு சுற்று சுற்றி மேலே போனது, கயிற்றில் சுருக்குப் போட்ட மாதிரி. பலவந்தம் வேண்டாம் என்று இடது கைக்கு மாறினோம். அங்கே நேராகப் போனது. வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் நம்புங்கள்.

சித்த மருத்துவர்

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது எங்கள் தினசரி வேலை. ஒரு பெரியவருக்கு இரண்டு கையிலும் அந்த இடத்தில் நாடியே தட்டுப்படவில்லை. மனுஷர் நன்றாக நடந்துதான் வந்தார். "எங்கே போனாலும் நாடி வீக்குன்னுதான் சொல்றாங்க, பயமா இருக்குங்க" என்றார். விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். கட்டைவிரலுக்குப் பின்னால், புறங்கைப் பக்கம், தோலுக்கு அடியில் திடமாகத் துடித்தது. நாடி பார்க்கும் ரேடியல் தமனி அவருக்கு முன்கையிலேயே பின்பக்கம் திரும்பிவிட்டது. அவருடைய விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். வெகுநேரம் எடுக்கவே இல்லை. அவர் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "நாடி புறங்கையில். இரு கையிலும் இந்த இடத்தில் ஊசி போடக் கூடாது."