சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம்: வசனமே இல்லாத 'ஃப்ளோ' சரிவருமா?

கரையோரப்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். பருத்தித்துறைப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவதாக முடிவாகி, படத்தைத் தெரிவு செய்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. இருபத்தைந்து பேர் மட்டில் வருவார்கள், நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. தலைவர் ஐயா ஓய்வுபெற்ற அதிபர். மிருகங்கள் வருகிற படமாக இருக்கட்டும், ஆனால் நல்ல கருத்து இருக்க வேணும், படம் முடிய "இதிலிருந்து என்ன படித்தீர்கள்" என்று தான் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பேன் என்கிறார்.

நான் நினைத்து வைத்திருப்பது 'ஃப்ளோ'. 2024இல் வந்த லாத்வியா நாட்டுப் படம், 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் எடுத்தது. ஒரு கறுப்புப் பூனை, நாடெல்லாம் வெள்ளம், ஒரு பழைய பாய்மரப் படகு, அதில் ஒவ்வொன்றாக வந்து ஏறுகிற மிருகங்கள். மனிதர் ஒருவரும் வரமாட்டார்கள், ஒரு சொல் வசனமும் இல்லை. 85 நிமிடம்தான். எனக்குத் தனியப் பார்க்கத் தொண்டை அடைத்தது, ஆனால் நாலு வயதுப் பிள்ளை இருந்து பார்க்குமா? ஐயா கேட்கிற கேள்விக்கு அதில் பதில் இருக்கா? போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கோ.

சும்மாஇருப்பவன்:
தம்பி, விருதுப் படத்தைப் போட்டுப் பிள்ளைகளை நித்திரையாக்காதையும். தமிழில் குரல் கொடுத்த படம் ஒன்றைப் போடும். 2019இல் வந்த 'லயன் கிங்' தமிழில் இருக்கு, கெட்ட சிங்கத்துக்கு அரவிந்த்சாமி, சிம்பாவுக்கு சித்தார்த். கருத்தும் இருக்கு, பாட்டும் இருக்கு, சின்னதுகள் வாய் பிளந்து பார்க்கும். ஒரு குறை, பேந்து இரண்டு கிழமைக்கு வீட்டில் சென்னைத் தமிழ்தான் ஓடும். என் மருமகன் தகப்பனைப் பார்த்து "இன்னாப்பா" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தவன்.

மூன்றாம்வகுப்பு ரீச்சர்:
நான் போட்டிருக்கிறேன். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், எட்டு வயது. முதல் ஐந்து நிமிடம் "ரீச்சர், சத்தம் வரேல்லை" என்று கத்தினார்கள், சத்தம் வருகிறது, ஆட்கள்தான் கதைக்கவில்லை என்று விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். படத்தில் யாரும் கதைக்காததால் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். "உதில போகாதையடா, நாய் வருது!" "ஏறு, ஏறு, படகில ஏறு!" முப்பத்தொரு பேரும் பூனைக்கு வழி சொன்னார்கள், எல்லாம் எங்கள் தமிழில்.

மிருகங்களுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். கப்பிபாராவை ஒருவருக்கும் தெரியாது, உலகத்திலேயே பெரிய கொறிக்கிற பிராணி அதுதான் என்று சொன்னதும் ஒரு பெடியன் "அப்ப பிள்ளையாற்றை எலி" என்று முடித்துவிட்டான், கடைசிவரை அது பிள்ளையாற்றை எலிதான். வளைய வால் லெமூர் தேவாங்கு ஆகிவிட்டது. செக்ரட்டரி பறவை, எங்கள் கடனீரேரியில் நிற்கிறதைப் போல நீளக் கால் இருப்பதால், பூநாரை. (அந்தக் கப்பிபாராவின் குரல் உண்மையில் ஒட்டகக் குட்டியுடையது. நிஜக் கப்பிபாராவின் சத்தம் இந்தச் சாந்தமான உருவத்துக்குப் பொருந்தவில்லையாம். இதைச் சொன்னபோது வகுப்பு அதிர்ந்தது.)

கருத்து என்று கேட்டால், பறவை வருகிற இடத்தைக் கவனியுங்கோ. பூனையை மிதிக்க வந்த தன் கூட்டத்துத் தலைவனோடு ஒரு பறவை சண்டை பிடிக்கும், சிறகு உடையும், கூட்டம் அதை விட்டுவிட்டுப் பறந்துபோகும். வகுப்பில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. பின்வாங்கில் இருக்கிற, வழமையாக வாயே திறக்காத பிள்ளை மெல்லமாக, "அது பிழை செய்யேல்லைத்தானே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் படகு மரத்தில் தொங்க, உள்ளே கப்பிபாரா மாட்டிக்கொள்ளும், எல்லாம் சேர்ந்து கயிற்றை இழுக்கிறபோது ஒரு முயல் ஓடும், நாய்கள் கயிற்றை விட்டுவிட்டு முயலுக்குப் பின்னால் போய்விடும், ஒரு நாய் மட்டும் நிற்கும். அந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து அடிபட்டது. நாய் என்றால் ஓடத்தான் செய்யும் என்று ஒரு கட்சி, துரோகி என்று மற்றக் கட்சி.

நாலு வயதுக்கு, தாய்மாரை அருகில் இருக்கச் சொல்லுங்கோ. முதலில் நாய்கள் துரத்துவதும் மான் கூட்டம் பாய்ந்து வருவதும் வேகமானவை.

பழையகொப்பி:
ரீச்சர் சொன்னதோடு நானும் ஒன்று. தலைவர் ஐயாவிடம் மெல்லமாகக் கேட்டுப் பாருங்கோ தம்பி, மிருகக் கதை என்றால் கடைசியில் நீதி என்று ஒரு வரி இருக்க வேணும் என்று யார் சொன்னது? பஞ்சதந்திரத்திலேயே முதல் தந்திரம் மித்திரபேதம், சிங்கமும் எருதும் சிநேகிதமாக இருக்க, தமனகன் என்ற நரி கோள் மூட்டிப் பிரித்து, எருது செத்துப்போகும், நரிக்கு ஒன்றும் ஆகாது, மந்திரியாக இருக்கும். இதில் பிள்ளை என்ன படிக்கிறது? ஆனால் நாங்கள் சின்னனில் கேட்டு எருதுக்காக அழுதோம். இரண்டாவதில் வலையில் அகப்பட்ட புறாக்கள் வலையோடு பறந்து எலியிடம் போகும், எலி முதலில் புறா அரசன் சித்திரக்கிரீவனின் கட்டை அறுக்க வரும், அது "முதலில் என்னுடைய ஆட்களுடையதை அறு" என்று சொல்லும். அந்தச் சிறகு உடைந்த பறவைக்கும் இதற்கும் அவ்வளவு தூரம் இல்லை. எழுப்பி நிறுத்திக் கேட்டால் பிள்ளை "ஒற்றுமையே பலம்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடும். அது படத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடிய பதில்.

சும்மாஇருப்பவன்:
நான் தோற்றேன். ஆனால் கடிக்கிறதுக்குச் சோட்டீஸ் நல்லதாகக் குடுங்கோ.

மணற்காட்டுமகள்:
ஒருவரும் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். கரையோர ஊர், படம் முழுக்கத் தண்ணீர். 2004 மார்கழி 26 சுனாமி எங்கள் பக்கம் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது கதை, பின்னால் கதிரை போட்டு இருக்கப்போகிற அம்மம்மாமாருக்கு அப்படி இல்லை. எங்கள் அம்மம்மா இன்றுவரை ரீவியில் அலை வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவா. மான்கள் ஓடி, பின்னால் தண்ணீர் சுவர் மாதிரி வருகிற அந்த இடம் எனக்கே கை குளிர்ந்தது. போடவேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல படம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போடுங்கோ.

கரையோரப்பெடியன்:
அக்கா, உண்மையைச் சொன்னால் எனக்கு அது தோன்றவே இல்லை. நான் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இரண்டு பெரியவர்கள் வரவில்லை என்றார்கள், ஒரு பாட்டி "தண்ணி வத்துமோ கடைசியில?" என்று கேட்டா, வத்தும் என்றேன், அப்ப வாறன் என்றா.

தலைவர் ஐயாவிடம் தமனகன் கதையை எடுத்தேன், "அது எனக்கும் தெரியும் தம்பி" என்று ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் கேள்வியைக் கைவிட்டு, அடுத்த நாள் பிள்ளைகள் பிடித்த மிருகத்தை வரையட்டும் என்று சொல்லியிருக்கிறார். வர்ணப் பென்சில் அவருடைய செலவு.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. புரொஜெக்ரர் கிடைத்துவிட்டது, மண்டபத்தின் மேற்குப் பக்க யன்னல் நாலும்தான் பிரச்சினை, வெயில் நேராகத் திரையில் விழுகிறது. பருத்தித்துறைப் பக்கம் யாரிடமாவது கறுப்புத் துணி அல்லது பழைய தறப்பாள் இருந்தால் இரண்டு நாளைக்குத் தாங்கோ, வந்து எடுக்கிறேன்.