கச்சின் விடுதலைப் படை: 1994 போர்நிறுத்தம் 2011இல் ஏன் முறிந்தது?

கேள்வி:
வட பர்மாவின் (மியான்மர்) கச்சின் இன மக்களின் ஆயுதப் படையான கச்சின் விடுதலைப் படை (கே.ஐ.ஏ.) பற்றிப் படித்து வருகிறேன். 1994இல் பர்மா ராணுவத்தோடு போர்நிறுத்தம் செய்தார்கள், 17 ஆண்டு ஓடியது. 2011இல் மறுபடி சண்டை. செய்திகளில் 'அணைத் தகராறு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா?

பதில் 1:
மதம்தான் வேர். கச்சின் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பிரதமர் ஊ நூ பௌத்தத்தை அரச மதமாக்கினாரே!

பதில் 2:
மதமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் வந்தது 1961 ஆகஸ்டில். கே.ஐ.ஏ. தொடங்கியது அதே ஆண்டு பிப்ரவரி 5இல். ஊ நூவின் தேர்தல் வாக்குறுதியே கோபத்தைக் கிளப்பியிருந்தது, சரி. அதைவிடப் பழைய கணக்கு 1947 பாங்லோங் ஒப்பந்தம். மலைப்பகுதிகளின் உள்நாட்டு நிர்வாகத்தில் தன்னாட்சி என்று பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் கையெழுத்துப் போட்டார், நடக்கவில்லை.

இனி 1994. அரசியல் பேசலாமா என்று கேட்டபோது, 'நாங்கள் இடைக்கால அரசுதான், புதிய அரசியலமைப்பு வரட்டும்' என்றார்கள் தளபதிகள். துப்பாக்கி மட்டும் ஓய்ந்தது. பாகாந்த் ஜேட் (பச்சை ரத்தினக் கல்) சுரங்கம் கே.ஐ.ஏ.வின் கைவிட்டுப் போனது. கம்பெனிகளின் ராட்சத இயந்திரங்கள் மலையையே வெட்டி எடுத்தன. 2007இல் கே.ஐ.ஏ.வின் அரசியல் பிரிவான கச்சின் அமைப்பு கொடுத்த 19 அம்சக் கோரிக்கையை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2009இல் 'எங்கள் கட்டளைக்குக் கீழ் எல்லைக் காவல் படையாக மாறுங்கள்' என்றார்கள். மறுத்ததும் 2010 தேர்தலில் கச்சின் கட்சிக்குப் பதிவே கொடுக்கவில்லை. 2011 ஜூன் 9 அன்று சீன முதலீட்டில் கட்டிய தாப்பெய்ன் அணை அருகே சண்டை வெடித்தது. அணை வெறும் தீக்குச்சி. என்னைக் கேட்டால், 1994இல் நடந்தது சமாதானமே அல்ல, வியாபாரம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்புறம் 2021க்குப் பிறகு?

பதில் 2:
2021 ராணுவப் புரட்சிக்குப் பின் கே.ஐ.ஏ.காரர்கள் புதிய எதிர்ப்புப் படைகளுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தார்கள், தாங்களும் இடம் பிடித்தார்கள். 2024 அக்டோபரில் சீன எல்லையோரம் பாங்வா ஊர் கே.ஐ.ஏ.விடம் விழுந்தது. அங்கே மலையில் துளை போட்டு, அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை இறக்கி, அருமண் தாதுக்களை (rare earths) கரைத்தெடுக்கிறார்கள், வாங்குவது சீனா. இதில் ஒரு பழைய பகையும் இருக்கிறது. அதுவரை அந்த ஊரை வைத்திருந்தது ஸாகுங் திங் யிங்கின் படை. 1968இலேயே கே.ஐ.ஏ.விலிருந்து பிரிந்து பர்மா கம்யூனிஸ்டுகளோடு போனவர், 2009இல் எல்லைக் காவல் படையாக மாறச் சம்மதித்தவரும் அவரே.