அம்மாட மறதியும் தலை ஸ்கேன் படமும்: எங்கட அனுபவம் இது, உங்கடயையும் எழுதுங்க

கல்லடி மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா மனசுக்குள்ள கிடந்த விசயம், இண்டைக்குத்தான் எழுத வந்திருக்கு. அம்மாக்கு 71 வயசு. 1978 நவம்பர் 23 சூறாவளியக் கேட்டா இப்பவும் நேத்து நடந்த மாதிரிச் சொல்லுவா, எந்தச் சுவர் முதல்ல சரிஞ்சது, ஆர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழ எல்லாரும் படுத்துக் கிடந்தது, விடிஞ்சு வெளிய வரக்குள்ள தென்னையெல்லாம் நிலத்தில கிடந்தது எண்டு ஒண்டும் விடமாட்டா. ஆனா விடியப்புறம் பிட்டுக்கு மாக் குழைச்சு மூடி வைச்சிட்டு அரை மணித்தியாலத்தில மறுகா மா எடுத்துக் குழைப்பா. ஒரு மாசத்துக் கரண்ட் பில்ல ரெண்டு தரம் கட்டினா. மத்தபடி சமையல், கடை, கோயில் எல்லாம் தனியப் போய் வருவா, மாமாங்கத் தீர்த்தத்துக்கும் ஒரு வருசம் விடல்ல. அதால வயசுதானே எண்டு விட்டிட்டம்.

முதல்ல காட்டின இடத்தில, பேர் வேணாம், ஒரு சீ.ரீ ஸ்கேன் எடுத்து 'வயசுக்கேத்த சுருக்கம், வேறொண்டும் இல்ல' எண்டு ரெண்டு வரி எழுதித் தந்தாங்க. நாங்க அதை அம்மாக்கு ஒண்டுமே இல்ல எண்டு எடுத்துக்கிட்டம். பிறகுதான் விளங்கினது, அந்த ஸ்கேன் சொன்னது தலைக்குள்ள இரத்தக் கசிவு இல்ல, கட்டி இல்ல, பெரிய பாரிசவாத அடையாளம் இல்ல எண்டுதான், ஞாபகத்தில பிழை இல்ல எண்டு அது சொல்லவே இல்ல. அந்த வித்தியாசத்த ஒருத்தரும் எங்களுக்கு இருத்தி வைச்சுச் சொல்லல்ல. ஒரு முழு வருசம் போயிற்று. அது எனக்கு இண்டைக்கும் தாங்கேலாது.

ரெண்டாவது பார்த்த டொக்டர் படத்தத் தொடமுன்னம் என்னை இருத்தி அரை மணித்தியாலம் கேட்டார், எப்ப தொடங்கினது, எதை மறக்கிறா, வழி தெரியாமப் போனவவா, சாமான எங்க வைக்கிறா எண்டு. பிறகு அம்மாவிட்ட 30 புள்ளிச் சோதனை, அஞ்சு சொல்லுச் சொல்லிட்டு கொஞ்ச நேரத்தால திருப்பிக் கேக்கிறது, மணிக்கூடு கீறச் சொல்றது. அம்மா மணிக்கூட்ட வடிவாக் கீறினா, முள்ளும் சரி, ஆனா அந்த அஞ்சு சொல்லில ஒண்டும் வரல்ல, 'நீங்க எனக்கு ஒண்டும் சொல்லல்லயே தம்பி' எண்டுதான் சொன்னா. தைரொயிட், விட்டமின் பி12 எல்லாம் இரத்தத்தில பார்த்தாங்க, நல்லம். அதுக்குப் பிறகுதான் எம்.ஆர்.ஐ, காந்தத்தால மூளையப் படம் எடுக்கிற ஸ்கேன், எழுதினார், கொழும்புக்கு ராக் கோச்சியில கூட்டிப் போனம்.

அங்க வாசல்ல வைச்சு நகையெல்லாம் கழட்டச் சொன்னாங்க. தாலிக்கொடியக் கழட்ட மாட்டன் எண்டு அம்மா பிடிச்ச பிடி. கல்யாணம் முடிச்ச நாளில இருந்து கழுத்த விட்டு இறக்காத கொடி. அந்த நேர்ஸ் பிள்ளை ஒரு சொல்லும் ஏசல்ல, சிங்களப் பிள்ளை, தெரிஞ்ச ஒள்ளுப்பம் தமிழ்ல 'பரவாயில்ல அம்மா, நிப்பம்' எண்டா. அப்பா வெளிய ஓடிப் போய் எங்கயோ ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்து அந்த வரிசைக்குள்ளயே கழுத்தில கட்டினார், பிறகுதான் கொடியக் கழட்டித் தந்தா. முடிஞ்சு வெளிய வந்து ஸ்டேசன் போறதுக்குள்ள 'என்ட தாலி எங்க' எண்டு கேட்டது எத்தினை தரம் எண்டு எண்ணேல்ல, ஒவ்வொரு தரமும் அப்பா அவட கையப் பிடிச்சு கழுத்தில கிடக்கிற கொடியில வைச்சுக் காட்டினார்.

ரிப்போட்டில ரெண்டு பக்கமும் ஹிப்போகம்பஸ், மூளையில ஞாபகத்துக்கு வேண்டிய இடம், சுருங்கியிருக்கு எண்டு வந்தது. டொக்டர் சொன்னது லேசான அறிதிறன் குறைபாடு, அதாவது மறதி வயசுக்கு மிஞ்சினது, ஆனா தன்ட வேலையத் தானே செய்றா, இன்னும் டிமென்சியா எண்டு சொல்ல வேணாம், ஒரு வருசத்தால மறுகா எடுத்துப் பார்ப்பம் எண்டு. உங்கட வீட்டில நடந்தத எழுதுங்க, எனக்கும் உதவும்.

அக்கரைப்பற்று:

ராத்தா, வாசிச்சு கண் கலங்கிட்டுது. எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான், ஆனா கதை வேற. போன வருசம் திடீரெண்டு பேரெல்லாம் மாறிச் சொல்ல வெளிக்கிட்டாரு, தொழுகையில எத்தினை ரக்அத் எண்டு குழம்பினாரு, நடையும் ஒரு பக்கம் இழுத்தது. எல்லாரும் வயசு வயசு எண்டாங்க. எம்.ஆர்.ஐ எண்டு போனா அங்க ஒரு போம் நிரப்பச் சொல்றாங்க, உடம்புக்குள்ள இரும்பு இரிக்கா எண்டு. வாப்பாக்கு 90ம் ஆண்டுப் பிரச்சினைக்குள்ள பட்ட ஷெல் துண்டு தோளுக்குள்ளயும் கண்ணுக்குப் பக்கத்திலயும் இன்னும் கிடக்கு. காந்தம் அதை அசைச்சிடும், கண்ணுக்குப் பக்கத்தில எண்டா கண்ணே போயிடும், எடுக்கேலா எண்டுட்டாங்க. நம்மட பகுதியில எத்தினை பேர்ட உடம்புக்குள்ள இப்பிடித் துண்டு கிடக்கும், கன பேர் அதை மறந்தே போயிரிப்பாங்க, ஞாபகம் குறைஞ்ச ஆளே அந்தப் போம்ம நிரப்பினா என்னாகும். தயவுசெஞ்சு பழைய காயத்த நீங்களே சொல்லுங்க.

அதால சீ.ரீ எடுத்தாங்க. படத்தில மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில பிறை மாதிரி ஒரு வளைவு, சாம்பல் நிறத்தில. பழைய இரத்தம். ரெண்டு மாசத்துக்கு முதல்ல சைக்கிள்ல இருந்து விழுந்தத எங்களுக்கு அவர் சொல்லவே இல்ல. துளை போட்டு இறக்கினாங்க, அல்ஹம்துலில்லாஹ், இப்ப பேரப்புள்ளைகள்ட பேரெல்லாம் பிழையில்லாமச் சொல்றாரு. எங்களுக்கு சீ.ரீதான் உயிரக் காப்பாத்தினது, அதால அதைக் குறைச்சுப் பேச மனசு வரல்ல.

களுவாஞ்சிக்குடி:

எங்கட மாமி சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டா. மறதி எண்டு ஸ்கேனுக்கே காசு சேத்தம். பார்த்தா பி12 அடிமட்டம். ஊசி போட்டு மூணு நாலு மாசத்தில நல்ல மாற்றம். இரத்தச் சோதனைய முதல்ல செய்யுங்க.

படம் எடுக்கிறவ:

நான் ஸ்கேன் அறையில வேலை செய்றன், படத்த வாசிக்கிறது நானில்ல, டொக்டர்மார். ஆனா கிட்டயிருந்து பாக்கிறதச் சொல்றன்.

சகோதரி சொன்ன ஹிப்போகம்பஸ் காதுக்கு நேர உள்ளுக்க, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டா இருக்கு, வெளிய எடுத்தா கடல்குதிரை மாதிரி வளைஞ்சிருக்கும், பேரும் அதால வந்ததுதான். புதுசா நடக்கிறதப் பதிஞ்சு வைக்க அது வேணும், அதாலதான் சூறாவளி நிக்குது, காலையில குழைச்ச மா நிக்குதில்ல. தலைய முகத்துப் பக்கத்தில இருந்து பாண் வெட்டுற மாதிரி துண்டு துண்டா எடுத்து அந்த இடத்துச் சுருக்கத்துக்கு 0ல இருந்து 4 வரைக்கும் புள்ளி போடுவாங்க. 75 வயசுக்குக் கீழ எண்டா 2 வந்தாலே கவனிப்பாங்க, அதுக்கு மேல எண்டா 3. ஆக, 71ல ஒரு படத்தப் பார்த்து 'வயசுதான்' எண்டு சும்மா சொல்லி விடேலாது.

அதே நேரம் படத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் பயப்படவும் வேணாம். இந்த லேசான குறைபாட்டோட கிளினிக்குக்கு வாற 100 பேரில வருசத்துக்கு 10 தொடக்கம் 15 பேருக்குத்தான் டிமென்சியாவாப் போகுது எண்டு சொல்றது, கொஞ்சப் பேர் அப்பிடியே நிப்பாங்க, சில பேர் திரும்பியும் வருவாங்க. வெளிநாட்டில பெட் எண்ட வேறொரு ஸ்கேன்ல, அல்சைமர் நோயில மூளையில படியிற அமிலொயிட் எண்ட புரதப் படிவத்தையே காட்டுறாங்க, 2004ல பிட்ஸ்பர்க்கிலயும் உப்சாலாவிலயும் சேர்ந்து வெளியிட்ட, அந்தப் படிவத்தப் படத்தில காட்டுற ஊசிப் பொருளோட தொடங்கினது அது, ஆனா ஞாபகம் நல்லா இருக்கிற வயசானவங்களுக்கும் அந்தப் படிவம் இருக்கலாம். அதால ஆளப் பாக்காம படம் தனியா ஒண்டும் சொல்லாது.

ஒரு சின்ன விசயம். எம்.ஆர்.ஐ உள்ள போகக்குள்ள தகரத்தில அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும், அரை மணித்தியாலம் அசையக் கூடாது. ஞாபகக் குறைவு உள்ளவங்க நாங்க சொன்னத உள்ள போய் மறந்திட்டுத் தலையத் தூக்குவாங்க, படம் கலங்கிடும், மறுகா எடுக்கணும். உங்கட பழைய பட சீடியக் கட்டாயம் கொண்டு போங்க, ரிப்போட் பேப்பர் காணாது, ஒப்பிடுறது படத்தோடதான்.

கல்லடி மகள்:

நன்றி அக்கா, சீடி அலுமாரிக்குள்ள இருக்கு, இண்டைக்கே எடுத்து வைக்கிறன். அக்கரைப்பற்றுத் தம்பி, வாப்பாக்கு என்ட சலாத்தச் சொல்லுங்க, உங்கட பதிவ அப்பாக்கு வாசிச்சுக் காட்டினன், தனக்கும் கால்ல ஒரு சன்னம் இருக்கு எண்டு இப்பதான் சொல்றார். தை மாசம் அம்மாக்கு அடுத்த எம்.ஆர்.ஐ. மஞ்சள் கயிறு ரெண்டு வாங்கி பேக்குக்குள்ள வைச்சிட்டன், ஒண்டு துலைஞ்சா மற்றது இருக்கட்டும்.