தாய் சி பழகினால் குருதி அமுக்கம் குறையுமா? அம்மாவின் மாத்திரையை நிறுத்தலாமா?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். சில மாதங்களாக என் குருதி அமுக்கத்தின் மேல் அளவு 130க்கும் 138க்கும் இடையில் நிற்கிறது. இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, உப்பைக் குறைத்து உடற்பயிற்சி செய்யுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். முழங்கால் நோவினால் ஓட முடியாது. காலி வீதிப் புகைக்குள் வேகநடையும் ஒத்துவரவில்லை. அருகிலுள்ள தாய் சி (மெதுவான அசைவுகளாலான சீன உடற்பயிற்சி) வகுப்பில் விசாரித்தபோது, ஓட்டத்தையும் நடையையும் விட இதுவே மேலானதென்று சீனாவில் நிரூபித்துவிட்டார்கள் என்று சொன்ன பயிற்றுநர், பல வருடமாக மாத்திரை எடுக்கும் என் அம்மாவும் இதைப் பழகினால் ஆறு மாதத்தில் அதை நிறுத்திவிடலாம் என்றார். அந்த ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது?

தெகிவளை வாசகி:
அவர் குறிப்பிட்டது 2024 பெப்ரவரியில் ஜாமா நெட்வேர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வெளியான பெய்ஜிங் ஆய்வாக இருக்க வேண்டும். மேல் அளவு 120–139 அல்லது கீழ் அளவு 80–89 என்ற எல்லைநிலையில் இருந்த, 18 முதல் 65 வயது வரையான 342 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தாய் சியும் மற்றதற்கு வேகநடை, மெதுவோட்டம், படியேறுதல், சைக்கிள் போன்றவையும், வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், மேற்பார்வையுடன் ஓராண்டு கொடுத்தார்கள். முடிவில் மேல் அளவு தாய் சி குழுவில் சராசரியாக 7.01, மற்றதில் 4.61 மி.மீ. இரசம் குறைந்திருந்தது.

இடையிலுள்ள 2.4 பெரிய எண்ணல்ல. ஒரே ஆளைக் காலையிலும் மாலையிலும் அளந்தாலே அதைவிடக் கூடுதலான வித்தியாசம் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது, 24 மணி நேரமும் கையில் கருவியைக் கட்டி அளந்தபோது இரவு அளவும் தாய் சி குழுவில் கூடுதலாகக் குறைந்திருந்ததுதான். நடந்தவர்களுக்கும் குறைந்ததால் நடையை ஒருவரும் தோற்கடித்துவிடவில்லை. உங்கள் நிலை அந்த 342 பேரின் நிலைக்கு நெருக்கமானது, ஆகவே தாராளமாகச் சேரலாம். அம்மாவின் நிலை வேறு. மாத்திரையை நிறுத்தலாமா என்பதை ஆராய அந்த ஆய்வு நடத்தப்படவில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா சொன்னதே சரி. சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அமுக்கம் முன்பிருந்ததற்கும் மேலே பாயும். அம்மாவைத் தேநீர் குடித்து அரை மணி நேரம் கழிந்தபின் கதிரையில் முதுகைச் சாய்த்து, கால்களை நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்து எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பதா இல்லையா என்று கிளினிக் வைத்தியர் தீர்மானிக்கட்டும். பயிற்றுநருக்கு அங்கே வேலையில்லை.

பூங்கா நடையர்:
நான் தாய் சி பழகுபவன் என்பதால் முழங்காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கை வீசுவதுதான் தெரியும். உண்மையில் பாரம் முழுவதையும் மடக்கிய ஒரு காலில் தாங்கிக்கொண்டு, மற்றக் காலின் குதியை வெறுமையாக நிலத்தில் வைத்து, பிறகே பாரத்தை மெல்ல அதற்கு மாற்றுவோம். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பத்து நிமிடத்தில் தொடை நடுங்கும். அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சிகளே அமுக்கத்தை அதிகம் குறைக்கின்றன என்று 270 ஆய்வுகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டுப் பிரித்தானியக் கட்டுரையொன்று சொன்னது. தாய் சியின் பலனும் ஓரளவு அங்கிருந்துதான் வருகிறதோ என்பது என் ஊகம். உங்களைப் போன்றவர்கள் தாழ இறங்காமல் உயரமாக நின்று, முழங்கால் பெருவிரலைத் தாண்டாமல் செய்தால் போதும்.

இன்னொன்று: வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமென்றால் அந்த ஆய்வின் அளவுக்கு நீங்கள் கிட்டவும் போக மாட்டீர்கள். 1956இல் சீனாவில் சுருக்கி அமைக்கப்பட்ட 24 அசைவு வரிசையைத்தான் கற்பிக்கிறாரா, மற்ற நாட்களில் விகாரமகாதேவிப் பூங்காவிலோ வீட்டு மொட்டைமாடியிலோ தனியே செய்யும் அளவுக்கு அதைப் பழக்கித் தருவாரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.